அக்கவுண்ட்டுக்கு அக்கவுண்ட் போட்டால் போதுமா?

கேள்வி: கோவையில் பம்புசெட் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் எங்களுடையது. விற்பனைப் பிரிவின் ஒருங்கிணைப்பு என் பொறுப்பு. பல வருடங்களாக சேல்ஸ்ஃபோர்ஸ் பயன்படுத்துகிறோம். இந்த நிதியாண்டு முடிவதற்குள் ஜோஹோ சி.ஆர்.எம்.முக்கு மாறிவிடுவது என்று முதலாளி முடிவெடுத்திருக்கிறார். மாற்றித் தரும் நிறுவனம் ஓர் எக்ஸெல் ஷீட் அனுப்பியிருக்கிறது. இடது பக்கம் பழைய ஆப்ஜெக்ட், வலது பக்கம் புதிய மாட்யூல். “இதை ஃபில் பண்ணி அனுப்புங்க மேடம், மீதியை நாங்க பாத்துக்கறோம்” என்கிறார்கள். லீடு, அக்கவுண்ட், கான்டாக்ட் எல்லாம் இரண்டிலும் ஒரே பெயர்தான். ஆப்பர்ச்சூனிட்டி மட்டும் அங்கே டீல் ஆகிறது. அரை மணி நேர வேலை போலத் தெரிகிறது. ஆனால் இவ்வளவு சுலபமாக இருக்குமா என்று ஒரு பயமும் இருக்கிறது. எங்கெங்கே கவனமாக இருக்க வேண்டும்?

— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அந்த ஷீட்டை இந்த வாரம் அனுப்பாதீர்கள். உங்கள் பயம் நியாயமானது.

பெயர் ஒன்றாக இருப்பதால்தான் இந்த வேலையில் பலர் சறுக்குகிறார்கள். அக்கவுண்ட் என்ற ஆப்ஜெக்டை சேல்ஸ்ஃபோர்ஸ் எதற்காகப் படைத்தது என்பது கையேட்டில் இருக்கும். உங்கள் விற்பனைப் பிரதிநிதிகள் இத்தனை வருடமாக அதில் என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது உங்கள் ரெக்கார்டுகளில்தான் இருக்கிறது. மேப்பிங் செய்ய வேண்டியது இரண்டாவதை. ஒவ்வொரு ஆப்ஜெக்டிலிருந்தும் ஐம்பது ரெக்கார்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, ‘இந்த ஒரு வரி நிஜத்தில் யார், அல்லது எது?’ என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் நீங்களும் உங்கள் பிரதிநிதிகளும்தான். மாற்றித் தரும் நிறுவனத்தால் சொல்ல முடியாது.

அக்கவுண்ட்டிலிருந்தே ஆரம்பிப்போம். உங்கள் தொழிலில் அக்கவுண்ட் பட்டியலைத் திறந்தால் மூன்று விதமான வரிகள் இருக்க வாய்ப்புண்டு. ஒன்று, டீலர்கள். இரண்டு, நேரடியாக வாங்கும் மில்கள், தொழிற்சாலைகள். மூன்றாவது, ‘பொது’ என்றோ ‘விவசாயிகள்’ என்றோ பெயர் வைத்த ஒரே ஓர் அக்கவுண்ட். அதன் கீழே ஆயிரக்கணக்கான கான்டாக்ட்டுகள். இந்த மூன்றாவது எப்படி வந்தது? சேல்ஸ்ஃபோர்ஸில் அக்கவுண்ட் இல்லாத கான்டாக்ட்டை அதன் உரிமையாளரும் அட்மினும் தவிர வேறு யாரும் பார்க்க முடியாது. நேரடியாக வந்து பம்பு வாங்கும் தனிநபருக்கு நிறுவனப் பெயர் ஏது? ஆகவே யாரோ ஒருவர் ஒரு பொது அக்கவுண்ட்டைத் திறந்திருப்பார், பிறகு எல்லோரும் அதிலேயே போட்டிருப்பார்கள். ஜோஹோவில் அந்தக் கட்டாயம் இல்லை. அந்தப் பொது அக்கவுண்ட்டை சேல்ஸ்ஃபோர்ஸிலேயே விட்டுவிட்டு, அதன் கீழ் உள்ளவர்களை அக்கவுண்ட் இல்லாத கான்டாக்ட்டுகளாக ஏற்றுங்கள். அப்படியே கொண்டுபோனால், ‘நம்முடைய மிகப் பெரிய வாடிக்கையாளர் யார்?’ என்று முதலாளி கேட்கும்போது புதிய டாஷ்போர்டு ‘விவசாயிகள்’ என்று பதில் சொல்லும்.

அடுத்தது டூப்ளிகேட். ‘ஸ்ரீ முருகன் டிரேடர்ஸ்’ என்ற பெயரில் ஈரோட்டிலும் ஒரு டீலர் இருப்பார், மதுரையிலும் இருப்பார். ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ஸ்ரீ’க்கு மட்டும் நான்கு ஸ்பெல்லிங் உண்டு. ஆக, ஒரே டீலர் நான்கு பெயரில் இருக்கலாம். இரண்டு டீலர்கள் ஒரே பெயரிலும் இருக்கலாம். பெயரை வைத்து டூப்ளிகேட் பிடிக்கவே முடியாது. ஜி.எஸ்.டி. எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதன் 15 இடங்களில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு: தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32, கர்நாடகத்துக்கு 29. அடுத்த பத்து இடங்கள் அந்த நிறுவனத்தின் பான் எண். இதை வைத்து இரண்டு காரியம் செய்யலாம். ஜி.எஸ்.டி. எண் முழுவதும் ஒன்றாக இருந்தால் அநேகமாக ஒரே அக்கவுண்ட், ஒன்றாக்கலாம். பான் மட்டும் ஒன்றாக இருந்து மாநிலக் குறியீடு வேறாக இருந்தால் அது ஒரே நிறுவனத்தின் வேறு மாநிலக் கிளை. தலைமை அலுவலகத்தைப் பேரன்ட் அக்கவுண்ட்டாகவும் கிளைகளை அதன் கீழும் வையுங்கள். பேரன்ட் அக்கவுண்ட் ஃபீல்டு இரண்டு மென்பொருளிலும் இருக்கிறது. பதிவு பெறாத சிறு கடைக்காரர்களுக்கு மொபைல் எண்ணின் கடைசி பத்து இலக்கங்களை ஒப்பிடுங்கள்; முன்னால் சுழியம் போட்டவரும் உண்டு, 91 போட்டவரும் உண்டு.

இந்தச் சுத்திகரிப்பைப் பழைய சி.ஆர்.எம்.மில் இருக்கும்போதே செய்துவிடுங்கள். சேல்ஸ்ஃபோர்ஸில் இரண்டு அக்கவுண்ட்டுகளை மெர்ஜ் செய்தால் அவற்றின் கான்டாக்ட், ஆப்பர்ச்சூனிட்டி, டாஸ்க் எல்லாம் தாமாகவே ஒன்றின் கீழ் வந்துவிடும். எக்ஸெல்லில் செய்தால் அந்த இணைப்புகளை எல்லாம் நீங்கள் கையால் மாற்ற வேண்டியிருக்கும்.

இணைப்பு என்று சொன்னேன். ஷீட்டில் நிரப்ப வேண்டியவற்றிலேயே முக்கியமானது இதுதான், பெரும்பாலான மேப்பிங் ஷீட்டுகளில் இதற்கு ஒரு நெடுவரிசைகூட இருக்காது. கான்டாக்ட்டுகளை ஏற்றும்போது, ‘இவர் எந்த அக்கவுண்ட்?’ என்பதைப் புதிய மென்பொருள் பெயரை வைத்துத் தேடும்படி விட்டால், மதுரை முருகன் டிரேடர்ஸின் மேலாளர் ஈரோட்டுக் கடையில் போய் உட்கார்ந்துவிடுவார். எர்ரர் எதுவும் வராது. எண்ணிக்கையும் சரியாகவே இருக்கும். இதைத் தடுக்க ஒரே வழி, ஜோஹோவில் ஒவ்வொரு மாட்யூலிலும் ‘பழைய ஐடி’ என்று ஒரு ஃபீல்டு திறந்து, சேல்ஸ்ஃபோர்ஸ் ரெக்கார்டு ஐடியை அதில் ஏற்றி, எல்லா இணைப்பையும் அதை வைத்தே போடுவது.

அந்த ஐடியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சேல்ஸ்ஃபோர்ஸில் ரிப்போர்ட்டாக எடுத்தால் 15 எழுத்து ஐடி வரும். அதன் டேட்டா லோடர் என்ற கருவி வழியாக எடுத்தால் 18 எழுத்து. 15 எழுத்து ஐடியில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. எக்ஸெல்லின் வி-லுக்கப்புக்கு இரண்டும் ஒன்றுதான். ஓர் எழுத்து பெரியதா சிறியதா என்பதில் மட்டும் வேறுபடும் இரண்டு அக்கவுண்ட்டுகளில் எது முதலில் கிடைக்கிறதோ அதை எடுத்துக் கொடுத்துவிடும். 18 எழுத்து ஐடியின் கடைசி மூன்று எழுத்துகள் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே சேர்க்கப்பட்டவை. 18 எழுத்து ஐடி மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று ஷீட்டின் தலைப்பிலேயே எழுதி அனுப்புங்கள்.

கான்டாக்ட்டுக்கு வருவோம். நம் ஊர்ப் பெயர்களில் இரண்டாம் பெயர் கிடையாது, இனிஷியல்தான். சேல்ஸ்ஃபோர்ஸ் ‘லாஸ்ட் நேம்’ இல்லாமல் கான்டாக்ட்டைச் சேமிக்க விடாது. ஆகவே கே. செந்தில் என்பவரை ஒரு பிரதிநிதி முதல் பெயர் செந்தில், கடைசிப் பெயர் கே என்று போட்டிருப்பார். இன்னொருவர் கடைசிப் பெயரில் வெறும் புள்ளி வைத்திருப்பார். அப்படியே ஏற்றினால் தீபாவளி வாழ்த்து மின்னஞ்சல் ‘டியர் மிஸ்டர் கே’ என்று போகும். கடைசிப் பெயர் ஓரிரு எழுத்தாகவோ புள்ளியாகவோ இருக்கும் வரிகளை மட்டும் பிரித்தெடுங்கள். இனிஷியலை முதல் பெயரிலும், பெயரைக் கடைசிப் பெயரிலும் மாற்றிப் போடுங்கள். திரையில் ‘கே செந்தில்’ என்று நாம் எழுதும் வரிசையிலேயே தெரியும். கடிதத்திலும் கடைசிப் பெயரை எடுத்தால் ‘செந்தில்’ என்று வரும். வடமாநில வாடிக்கையாளர்களின் பெயர்களைத் தொடாதீர்கள். இதற்கு ஃபார்முலா போட்டாலும், கடைசியில் ஒருவர் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

லீடு விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. சேல்ஸ்ஃபோர்ஸில் லீடைக் கன்வெர்ட் செய்தால் அதிலிருந்து அக்கவுண்ட், கான்டாக்ட், வேண்டுமானால் ஆப்பர்ச்சூனிட்டி உருவாகும். ஆனால் பழைய லீடு ரெக்கார்டு அழியாது, ‘கன்வெர்ட் ஆனது’ என்ற குறியோடு உள்ளேயே இருக்கும். எக்ஸ்போர்ட் எடுக்கும்போது அதுவும் சேர்ந்து வரும். அதை ஜோஹோவின் லீடு மாட்யூலில் ஏற்றினால், உங்களிடம் ஐந்து வருடமாக வாங்கிக்கொண்டிருப்பவரைப் பிரதிநிதி புதிய விசாரணை என்று நினைத்து அழைப்பார். கன்வெர்ட் ஆன லீடுகளை ஏற்ற வேண்டாம். ஆனால் அவற்றைத் தூக்கி எறியவும் வேண்டாம். அந்த விசாரணை கொடிசியா கண்காட்சியில் வந்ததா, இந்தியாமார்ட்டில் வந்ததா என்பது பல சமயம் அந்த லீடில்தான் ஒழுங்காகப் பதிவாகியிருக்கும். எந்தக் கான்டாக்ட்டாக, எந்த ஆப்பர்ச்சூனிட்டியாக மாறியது என்பதற்கான ஐடிகளும் அதே வரியில் இருக்கும். அவற்றை வைத்து ‘எங்கிருந்து வந்தது’ என்ற விவரத்தை டீலுக்கு நகர்த்திவிடுங்கள்.

(நீங்கள் ஹப்ஸ்பாட்டுக்கு மாறுவதாக இருந்திருந்தால் இந்தப் பகுதிக்கே வேறு பதில் சொல்லியிருப்பேன். அங்கே ஒருவர் லீடா வாடிக்கையாளரா என்பது முக்கியமாகக் கான்டாக்ட்டின் மேல் ஒரு கட்டமாகக் குறிக்கப்படும். கான்டாக்ட்டை அது அடையாளம் காண்பதும் மின்னஞ்சல் முகவரியை வைத்து. ஒரு கடையில் மூன்று பேர் ஒரே மின்னஞ்சலைப் பயன்படுத்தினால் மூவரும் ஒருவராகிவிடுவார்கள். ஒரு மென்பொருளுக்குச் செய்த மேப்பிங் இன்னொன்றுக்கு உதவாது.)

ஆப்பர்ச்சூனிட்டி டீலாக மாறுவது ஓரளவு நேரானது. ஜோஹோவின் பழைய வழிகாட்டிகளில் இதே மாட்யூல் ‘பொட்டென்ஷியல்ஸ்’ என்ற பெயரில் வரும், குழம்ப வேண்டாம். கட்டங்களின் பெயரை மட்டும் பொருத்தாமல், ஒவ்வொரு கட்டமும் நடப்பில் உள்ளதா, வென்றதா, தோற்றதா என்பதையும் அதற்குரிய சதவீதத்தையும் சேர்த்துப் பொருத்துங்கள். இல்லையென்றால் எப்போதோ கைவிட்ட ஆர்டர்கள் எல்லாம் இந்தக் காலாண்டின் எதிர்பார்ப்பில் வந்து நிற்கும். ஒரே ஆர்டரில் கொள்முதல் அதிகாரி, பராமரிப்புப் பொறியாளர் எனப் பலரைச் சேர்த்திருந்தால் அது ஆப்பர்ச்சூனிட்டிக்குள் இருக்காது, ‘கான்டாக்ட் ரோல்’ என்ற தனி ஆப்ஜெக்டில் இருக்கும், கேட்டு வாங்குங்கள். எந்த மாடல் எத்தனை, என்ன விலை என்ற வரிகளும் தனி ஆப்ஜெக்ட்தான். ஜோஹோ டீலில் அவற்றை வைக்க ஒரு சப்ஃபார்ம் அமைக்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கு இன்னொன்று முக்கியம்: விற்று முடித்து நிறுவிய பம்புகள். சீரியல் எண், நிறுவிய தேதி, வாரண்டி எல்லாம் சேல்ஸ்ஃபோர்ஸின் ‘அஸெட்’ ஆப்ஜெக்டில் இருந்தால், ஜோஹோவில் அதற்கென்று ஒரு கஸ்டம் மாட்யூல் திறந்து அக்கவுண்ட், கான்டாக்ட், புராடக்ட் மூன்றோடும் இணையுங்கள். ‘புராடக்ட்ஸ் மாட்யூல்தான் இருக்கிறதே’ என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். புராடக்ட் என்பது மாடல். ஒரு மாடலுக்கு ஒரே வரி. சர்வீஸுக்குக் கூப்பிடும் வாடிக்கையாளரின் தோட்டத்தில் ஓடுவது ஒரு குறிப்பிட்ட சீரியல் எண் உள்ள பம்பு. சர்வீஸ் புகார்களை என்ன செய்வது என்பதை, ஜோஹோ டெஸ்க் வாங்குகிறீர்களா இல்லையா என்பது முடிவான பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இனி டாஸ்க். எண்ணிக்கையில் உங்களுடைய மிகப் பெரிய ஆப்ஜெக்ட் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும், மாற்றித் தருபவர்கள் ‘இது வேண்டாமே மேடம்’ என்று சொல்வதும் இதைத்தான். விடாதீர்கள். ஒரு டீலரிடம் மூன்று வருடத்துக்கு முன் என்ன தள்ளுபடி பேசினோம், எதற்காகக் கோபித்துக்கொண்டார், எப்படிச் சமாதானமானார் என்பதெல்லாம் இங்கேதான் இருக்கிறது. பிரதிநிதி வேலையை விட்டுப் போனாலும் நிறுவனத்திடம் தங்கும் ஞாபகம் இது ஒன்றுதான்.

சேல்ஸ்ஃபோர்ஸில் தொலைபேசி அழைப்பைப் பதிவு செய்தாலும் அது டாஸ்க்தான். உள்ளே ‘அழைப்பு’ என்று ஒரு வகைக்குறி இருக்கும், அவ்வளவே. ஜோஹோவில் டாஸ்க், மீட்டிங், கால் என்று மூன்று தனி மாட்யூல்கள். ஆக இங்கே ஒன்றுக்கு ஒன்று என்ற பொருத்தமே கிடையாது; ஓர் ஆப்ஜெக்டை வகைக்குறி பார்த்து இரண்டாகப் பிரிக்க வேண்டும். அதோடு ஒவ்வொரு டாஸ்க்கிலும் இரண்டு இணைப்பு ஃபீல்டுகள் உண்டு. ‘யாரோடு’ என்பது ஒன்று. அதில் கான்டாக்ட்டும் இருக்கலாம், லீடும் இருக்கலாம். ‘எதைப் பற்றி’ என்பது மற்றொன்று. அக்கவுண்ட், ஆப்பர்ச்சூனிட்டி, புகார் என எதுவும் இருக்கலாம். எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஐடியின் முதல் மூன்று இடங்களைப் பாருங்கள். 001 என்றால் அக்கவுண்ட், 003 கான்டாக்ட், 006 ஆப்பர்ச்சூனிட்டி, 500 புகார். இதை வைத்து டாஸ்க் கோப்பைத் தனித்தனிக் கோப்புகளாகப் பிரித்து ஏற்ற வேண்டும். கன்வெர்ட் ஆனதால் ஏற்றாமல் விட்ட லீடைக் காட்டும் டாஸ்க் ஏதாவது மிச்சமிருந்தால், அந்த லீடு மாறிய கான்டாக்ட்டின் பெயருக்கு அதைத் திருப்புங்கள். இல்லாவிட்டால் அது அநாதையாகிவிடும்.

ஒரு வருடத்துக்கு மேல் பழைய, முடிந்துபோன டாஸ்க்குகளை சேல்ஸ்ஃபோர்ஸ் ஆர்க்கைவில் தள்ளிவிடும். ரிப்போர்ட்டில் அவை வராது. டேட்டா லோடரில் சாதாரண ‘எக்ஸ்போர்ட்’ போட்டாலும் வராது. ‘எக்ஸ்போர்ட் ஆல்’ போட வேண்டும். அதில் அழித்த ரெக்கார்டுகளும் சேர்ந்து வரும் என்பதால் அவற்றை வடிகட்டி எடுங்கள்.

தேதி, நேரம் பற்றி ஒரு வார்த்தை. டேட்டா லோடர் தரும் நேரம் உலகப் பொது நேரம்; நம்முடையது ஐந்தரை மணி நேரம் முன்னால். மார்ச் 31 இரவு ஆண்டுக் கணக்கு முடிக்க உட்கார்ந்து, நள்ளிரவு தாண்டி 12.40-க்குப் பதிந்த ஆர்டர், கோப்பில் மார்ச் 31 மாலை 7.10 என்று இருக்கும். அதை இந்திய நேரமாக எடுத்துக்கொண்டால் அந்த ஆர்டர் ஒரு நிதியாண்டு பின்னால் போய்விடும். எந்த நேர மண்டலத்தில் ஏற்றுகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். சி.எஸ்.வி. கோப்பை டபுள் கிளிக் செய்து எக்ஸெல்லில் திறந்து சேமிக்காதீர்கள். 0422-வின் முன் சுழியம் போய்விடும், தேதியில் நாளும் மாதமும் இடம் மாறலாம், தமிழில் எழுதிய குறிப்புகள் கிறுக்கலாகலாம். இம்போர்ட் வழியாகக் கொண்டுவந்து, எல்லா நெடுவரிசைகளையும் டெக்ஸ்ட் என்று குறித்துத் திறந்துகொள்ளுங்கள், சேமிக்கும்போது யூ.டி.எஃப்-8 சி.எஸ்.வி. என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

வேலையை விட்டுப் போனவர்களின் பெயரில் இருக்கும் ரெக்கார்டுகளை இப்போதைய பகுதி மேலாளருக்கு மாற்றி, பழைய உரிமையாளர் பெயரை ஒரு சாதாரண எழுத்து ஃபீல்டில் வைத்துக்கொள்ளுங்கள். ரெக்கார்டு முதலில் உருவான தேதிக்கும் அப்படியே ஒரு ஃபீல்டு. ஃபார்முலா ஃபீல்டுகளை ஏற்ற வேண்டாம், புதிதாக எழுதச் சொல்லுங்கள்.

‘மின்னஞ்சல் அனுப்பாதே’, ‘அழைக்காதே’ என்று வாடிக்கையாளர் கேட்டுக்கொண்ட குறிகள் சிறிய செக்பாக்ஸ்கள்தான். மேப்பிங் ஷீட்டில் கீழே எங்கோ கிடக்கும். அவை ஒன்றுவிடாமல் வந்தே ஆக வேண்டும். இந்தியாவில் 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிவிட்டது. அதைவிட முக்கியம், ‘என்னைக் கூப்பிடாதீர்கள்’ என்று சொன்ன மனிதரின் சொல்லை மென்பொருள் மாறியதற்காக நாம் மறந்துவிடக் கூடாது. ஏற்றும் நாளில் ஜோஹோவின் வொர்க்ஃப்ளோக்கள் அனைத்தையும் நிறுத்தி வையுங்கள். இல்லையென்றால் ‘எங்களோடு இணைந்ததற்கு நன்றி’ என்ற மின்னஞ்சல் உங்கள் வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் பறக்கும்.

ஏற்றும் வரிசை: பயனர்கள், அக்கவுண்ட், கான்டாக்ட், டீல், டீலின் உள்வரிகள், நிறுவிய பம்புகள், டாஸ்க்கும் அழைப்பும், கடைசியாகக் கோப்புகள். பேரன்ட் அக்கவுண்ட்டை இரண்டாம் சுற்றில் இணைக்க வேண்டும், ஏனென்றால் முதல் சுற்றில் தாய் அக்கவுண்ட் உள்ளே வந்திருக்காது.

சரிபார்க்கும்போது எண்ணிக்கையோடு நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு பிரதிநிதிக்கும் கட்டவாரியாக டீல்களின் மொத்தத் தொகை இரு பக்கமும் ஒத்துப்போக வேண்டும். பிறகு ஒவ்வொரு பிரதிநிதியையும் அழைத்து, அவருக்கு நன்றாகத் தெரிந்த, சிக்கலான ஐந்து வாடிக்கையாளர்களைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். “இந்த ஆர்டருக்கு நான் போட்ட கொட்டேஷன் எங்கே?” என்று அவர் கேட்டால் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்வரை மாற்றத்தை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள்.

கடைசியாக, உங்கள் சேல்ஸ்ஃபோர்ஸ் சந்தா எந்தத் தேதியில் முடிகிறது என்பதை இன்றே கணக்குப் பிரிவில் கேளுங்கள். அதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே செட்டப்பில் உள்ள டேட்டா எக்ஸ்போர்ட் வழியாக முழுப் பிரதி எடுத்து நிறுவனத்தின் சொந்தக் கணினியில் வையுங்கள். அட்டாச்மென்ட்டுகளையும் ஃபைல்களையும் சேர்க்கும் கட்டங்களில் டிக் செய்தால்தான் கொட்டேஷன்களும் படங்களும் கூட வரும். தயாராகும் ஜிப் கோப்புகளைச் சில நாட்களில் சேல்ஸ்ஃபோர்ஸ் நீக்கிவிடும். மின்னஞ்சல் வந்த அன்றே இறக்கிக்கொள்ளுங்கள்.